ஆவாரம்பட்டையும் ஆவாரம்பூவும்

வேலூரிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில் பள்ளிகொண்டாவைக் கடந்து ஆம்பூரை நெருங்கும்போது, இருமருங்கிலும் உள்ள கரம்பு நிலங்களிலும் குன்றுகளின் அடிவாரங்களிலும் ஆள் உயரக் குத்துச்செடி ஒன்று கொத்துக் கொத்தாக மஞ்சள் பூத்து நிற்பதைக் காணலாம். அதை நட்டவர் எவருமில்லை. அதற்கு நீர் வார்த்தவரும் இல்லை. மழை பொய்த்துக் கிணற்றடித் தென்னையே வாடி நிற்கும் ஆண்டிலும் அது பசுமை மாறாமல் நிற்கும். அதுவே ஆவாரை. சங்கப் புலவர்கள் ஆவிரை என்றனர். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கிச் சொல்லும் தொண்ணூற்றொன்பது மலர்களுள் இதுவும் ஒன்று.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ?" என்னும் பழமொழியை அறியாத வீடு நம் பகுதியில் இருக்க இயலாது. சர்க்கரை நோய் பெருகிய பிறகு இப்பழமொழிக்குப் புதிய மதிப்பு வந்துவிட்டது. நாட்டு மருந்துக் கடைகளில் உலர்ந்த ஆவாரம்பூ பொட்டலம் பொட்டலமாக விற்பனையாகிறது. எங்கள் மதரஸாவில் ஓதும் மாணவர் ஒருவரின் தந்தை சென்ற ஆண்டு என்னிடம் மகிழ்ச்சியோடு சொன்னார்: "ஹஜ்ரத், ரெண்டு மாசமா ஆவாரம்பூத் தண்ணிதான். மாத்திரையை விட்டுட்டேன்." பூவை எங்கே பறிக்கிறீர்கள் என்று கேட்டேன். "தோல் ஷாப்புக்குப் பின்னால, கால்வா ஓரமா எக்கச்சக்கமா பூத்திருக்கு ஹஜ்ரத்" என்றார்.

அவர் சொன்ன இரண்டு விடைகளுமே என்னைக் கலக்கமுறச் செய்தன. பழமொழியை நம்பி மருந்தை நிறுத்துவது ஓர் ஆபத்து. பூ நின்ற மண் எத்தகையது என்று பாராமல் பறித்து அருந்துவது மற்றோர் ஆபத்து. இவ்விரண்டையும் விளக்கவும், இச்செடியை வீட்டில் நட்டு வளர்க்கும் முறையைக் கூறவுமே இக்கட்டுரை.

துவர்ப்பின் கதை

நம் வட்டாரத்துக்கும் ஆவாரைக்கும் உள்ள உறவை வளர்த்தது தோல் தொழிலே. அதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்; ஏனெனில் இச்செடியின் குணம் அந்த வரலாற்றில்தான் தெளிவாக விளங்கும்.

ஆவாரம்பட்டையைச் சிறிது கிள்ளி நாவில் வைத்தால் வாய் முழுவதும் இழுத்துப் பிடித்தாற்போல் ஆகிவிடும். இதை நாம் துவர்ப்பு என்கிறோம். இதற்குக் காரணமான பொருளை வேதியியலார் டானின் என்பர். உமிழ்நீரில் உள்ள புரதத்தை டானின் பற்றிக் கொள்வதால் நாக்கு வறண்டாற்போல் தோன்றுகிறது. மாட்டுத்தோலிலும் இதே வேலைதான் நடைபெறுகிறது. தோலின் நார்கள் கொல்லாஜன் என்னும் புரதத்தால் ஆனவை. டானின் அவற்றினுள் ஊறிப் பிணைந்துவிட்டால் பின்னர் அவை எளிதில் அழுகுவதில்லை. உலர்ந்தாலும் விறைத்து உடைவதில்லை. பதனிடுதல் என்பது இவ்வளவே. ஆவாரம்பட்டையில் டானின் ஏறத்தாழ 18 முதல் 20 விழுக்காடு வரை உண்டு. ஆங்கிலத்தில் இச்செடிக்கு வழங்கும் பெயரே 'தோல் பதனிடுவோரின் காசியா' என்று பொருள்படும்.

பழைய தோல் ஷாப்புகளில் வேலை நடந்த முறை இது: உப்பிட்டு வந்த தோலை நீரில் ஊறவைத்து உப்பு நீக்குவர். பிறகு சுண்ணாம்புக் குழியில் இட்டு மயிரையும் ஒட்டியிருக்கும் சதையையும் களைவர். அதன்பின் இடித்த ஆவாரம்பட்டை ஊறிய குழிகளில், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் வைப்பர். கடைசியில் கடுக்காய் நீரில் இடுவர். கடுக்காய் எதற்கு என்றால், ஆவாரை மட்டும் ஏறிய தோல் வெளிச்சம் பட்டுச் செந்நிறமாக மாறிவிடும்; கடுக்காய் அதைத் தடுத்துப் பழுப்பு மஞ்சள் நிறத்தை நிலைநிறுத்தும். வேலியோரச் செடியின் பட்டையையும் மலைக்காட்டுக் காயையும் கொண்டு இத்தனை நுட்பமான வேலையை நம் தொழிலாளர் செய்தனர்.

இவ்வாறு பதனிட்ட தோல் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் ஏலச் சந்தைக்குச் சென்றது. 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்பது அங்கு அதன் வணிகப் பெயர். முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் படைவீரர் காலணிகளின் மேல்தோலுக்கு இதுவே பெருமளவில் பயன்பட்டது. பட்டை, பழைய வடஆர்க்காடு மாவட்டத்திலிருந்து மட்டுமன்றிச் சேலம், கோயம்புத்தூர், மைசூர், ஹைதராபாத் பகுதிகளிலிருந்தும் வந்தது. கரம்புகளில் அலைந்து கிளைகளை வெட்டித் தட்டி உரித்து உலர்த்திக் கட்டுகளாக்கியவர்கள் மிக எளிய மக்கள். தோல் வணிகர்கள் பள்ளிவாசல்களுக்கும் மதரஸாக்களுக்கும், 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி போன்ற கல்வி நிலையங்களுக்கும் வாரி வழங்கியதை நாம் நன்றியோடு நினைவுகூர்கிறோம். பட்டை உரித்த அந்தக் கைகளை யாரும் நினைவுகூர்வதில்லை.

தேவை ஏற ஏறப் பட்டையின் விலையும் ஏறிற்று. ஆப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை வந்திறங்கியது. அதில் டானின் ஆவாரையினும் ஏறத்தாழ இருமடங்கு. பின்னர் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் வாட்டில் மரங்கள் காடு காடாக நடப்பட்டன. மறுபுறம், ஆல்பிரட் சாட்டர்ட்டன் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் சென்னையில் 1903ஆம் ஆண்டில் குரோமிய உப்பால் தோல் பதனிடும் முயற்சியைத் தொடங்கினார். அம்முறை நெடுங்காலம் ஒதுங்கியே இருந்தது. 1970களில் அரசு, பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி முழுமை பெற்ற தோலுக்கும் காலணிக்கும் ஊக்கம் அளித்தபோது, குரோமியம் நம் ஊர்களை ஆட்கொண்டது. வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாட்களில் முடியலாயிற்று. பட்டைக்கு வேலையில்லாமல் போயிற்று. திண்டுக்கல், திருச்சி வட்டாரங்களில் மட்டும் மரப்பட்டை முறை இன்றும் ஓரளவு தொடர்கிறது; அந்தத் தோலுக்கு 'ஈஸ்ட் இந்தியா லெதர்' என்ற பெயரில் புவிசார் குறியீடும் கிடைத்துள்ளது.

இதைக் கூறுவதால் பட்டைக்காலத்தைப் பொற்காலம் என்று நான் போற்றுவதாக யாரும் கருத வேண்டாம். சுண்ணாம்பும் உப்பும் முடைநாற்றமும் அன்றும் இருந்தன. குழிநீர் அன்றும் வெளியேதான் பாய்ந்தது. ஆவாரைக்கும் அது நல்ல காலமன்று. அதைப் பயிராக்கும் முயற்சிகள் ஆங்காங்கே நடந்தபோதிலும், தொழிலின் பெரும்பகுதி தானே முளைத்ததை வெட்டிக்கொண்டே நடந்தது. வாட்டிலை நட்டார்கள், ஆவாரையை வெட்டினார்கள். இன்று பட்டைக்குப் பதிலாகப் பூவுக்கு விலை வந்திருக்கிறது. நடும் வழக்கம் மட்டும் இன்னும் வரவில்லை.

எது ஆவாரை?

மஞ்சள் பூப்பதெல்லாம் ஆவாரை ஆகிவிடாது. இதன் உறவுச்செடிகள் பல. பெயர்களும் ஒன்றையொன்று ஒத்தவை. ஆகவே அடையாளத்தைத் திட்டமாக அறிந்துகொள்ள வேண்டும்.

தாவரவியலில் இதன் பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய நூல்களில் காசியா ஆரிகுலேட்டா. ஆரிகுலேட்டா என்றால் செவியுடையது என்று பொருள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் காதுமடல் போன்ற அகன்ற இலையடிச் செதில்கள் இரண்டு இருக்கும். இதுவே முதல் அடையாளம். ஒவ்வோர் இலையிலும் எட்டு முதல் பன்னிரண்டு இணைச் சிற்றிலைகள் இருக்கும். சிற்றிலையின் நுனி மழுங்கியிருக்கும். காய் தட்டையாக, மெல்லியதாக, முற்றியபின் காகிதம்போல் பழுப்பேறி, விதைக்கும் விதைக்கும் இடையே பள்ளம் விழுந்து காணப்படும்.

குழப்பம் தருவனவற்றுள் முதலாவது, மழைக்காலத்தில் குப்பைமேடுகளில் முளைக்கும் பேயாவாரை. சில ஊர்களில் இதையும் பொன்னாவாரை என்பர். இதன் சிற்றிலைகள் பெரியவை, நுனி கூரியவை. நான்கைந்து இணைகளே இருக்கும். கசக்கினால் கெட்ட நாற்றம் வீசும். காய் குறுகி நீண்டு சற்றே வளைந்திருக்கும். இந்த வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஆண்டுதோறும் மழைக்காலத்திற்குப் பின் சிறு குழந்தைகள் திடீரென மயக்கமுற்று இறந்துகொண்டிருந்தனர். மூளைக்காய்ச்சல் என்றே பலரும் கருதி வந்தனர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நெடுங்காலம் பணியாற்றிய டி. ஜேக்கப் ஜான் உள்ளிட்ட மருத்துவர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வு, அக்குழந்தைகள் விளையாட்டாகப் பறித்துத் தின்ற பேயாவாரை விதையே காரணம் என்று காட்டியது. அந்நஞ்சு ஈரலையும் தசையையும் மூளையையும் ஒருங்கே தாக்குகிறது. எனவே பூப்பறிக்கப் பிள்ளைகளை அனுப்பும் தாய்மார்கள் இச்செடியை அவர்களுக்கு முதலில் காட்டி, தொடக்கூடாது என்று சொல்லித் தருதல் வேண்டும்.

நிலாவாரை என்பது வேறு. திருநெல்வேலிச் சீமையில் பயிரிட்டு ஏற்றுமதியாகும் பேதி மருந்து. பெயர் ஒற்றுமையால் அதை வாங்கிவந்து காய்ச்சிக் குடித்தால் வயிறு கழிவது திண்ணம். சீமை அகத்திப் பூங்கொத்து மெழுகுவத்தி போல நிமிர்ந்து நிற்கும்; தகரைக்கு மூன்று இணை வட்டச் சிற்றிலைகளே. இவ்விரண்டையும் பிரித்தறிவது எளிது.

மருந்தும் அதன் எல்லையும்

சித்த மருத்துவத்தில் ஆவாரையின் பூ, இலை, பட்டை, வேர், விதை ஆகிய ஐந்தும் பயன்படுகின்றன. நீரிழிவுக்குரிய ஆவாரைக் குடிநீர் புகழ்பெற்றது. அதில் ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை என ஏழு சரக்குகள் சேரும். அதாவது, சித்தர் மரபிலும் ஆவாரை தனித்து நின்று நோயை வெல்லும் என்று விடப்படவில்லை. ஆறு துணைகளோடு, மருத்துவர் நாடி பார்த்து அளவிட்டுத் தரும் மருந்தாகவே அது இருந்தது. இலங்கையில் சிங்களவர் இதை ரணவரா என்பர். உலர்ந்த பூவைத் தேநீர்போல் காய்ச்சி அருந்துவது அங்கே பரவலான வழக்கம். ஆங்கில நூல்களில் 'மாத்தறைத் தேயிலை' என்ற பெயர் இதற்கு வந்தது அதனாலேயே.

இக்காலத்து ஆய்வுகளும் உள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்ட கட்டுரையில், ஆவாரம்பூச் சாறு கொடுக்கப்பட்ட நீரிழிவு எலிகளின் இரத்தச் சர்க்கரை குறைந்ததாகக் கண்டனர். நற்செய்திதான், ஆனால் எலிக்குக் கண்ட பயனை மனிதருக்கு அப்படியே உரியதாகக் கொள்ளலாகாது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயாளிகள் என்று 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு கணக்கிட்டது. இவ்வளவு பேருக்கும் மாத்திரைக்கும் இன்சுலினுக்கும் பதிலாக ஒரு பூவைப் பரிந்துரைக்கும் அளவுக்கு எவரிடமும் சான்று இல்லை. மாத்திரையை நிறுத்தியவருக்கு முதல் சில வாரங்களில் ஒன்றும் தெரியாது. சர்க்கரை ஓசையின்றி ஏறிக் கண்ணையும் சிறுநீரகத்தையும் காலையும் அரித்த பிறகே தெரியும். மாத்திரையோடு சேர்த்து மிகுதியாகக் குடிப்போருக்கோ சர்க்கரை அளவுக்கு மீறித் தாழவும் கூடும். வியர்வை, கைநடுக்கம், தலைச்சுற்றல் ஆகியவை அதன் அறிகுறிகள். ரமளானில் நோன்பு நோற்கும் நீரிழிவு நோயாளிகள் இதில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். ஸஹரில் ஒரு குவளை ஆவாரம்பூத் தண்ணீர் குடித்துவிட்டு மருந்தைத் தாமே குறைத்துக் கொள்வதாகக் கேள்விப்படுகிறேன். மருந்தின் அளவை மாற்ற வேண்டியவர் மருத்துவரே.

இன்னொரு செய்தி அதிகம் பேருக்குத் தெரியாது. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெப்பின் என்னும் மருந்தோடு ஆவாரைத் தேநீரும் சேரும்போது, இரத்தத்தில் அம்மருந்தின் அளவு உயர்வதாக இலங்கை ஆய்வாளர்கள் 2004இல் எலிகளில் கண்டறிந்தனர். ஆகவே வலிப்புக்கு மருந்துண்போர் இதைத் தவிர்ப்பதே நன்று.

முன்னர்ச் சொன்ன துவர்ப்பை இங்கே நினைவுகூர வேண்டும். மாட்டுத்தோலை இறுக்கும் டானின், உணவில் உள்ள இரும்புச்சத்தையும் பற்றிக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். ஆகவே இரத்தசோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்து இதை அருந்தலாகாது. கருவுற்றிருப்போர் மருத்துவரைக் கேளாமல் அருந்தவே வேண்டாம். பட்டைக் கஷாயத்தை வீட்டிலேயே காய்ச்சிக் குடிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை. பூவில் துவர்ப்பு குறைவு. உடல்நலமுள்ளவர்கள் எப்போதாவது ஒரு சிட்டிகை உலர்பூவை வெந்நீரில் இட்டு அருந்துவதிலும், மொட்டையும் பூவையும் பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைப்பதிலும் குற்றமில்லை. குளியல்பொடியில் பயறோடும் கஸ்தூரி மஞ்சளோடும் இதைச் சேர்ப்பது நம் வீடுகளில் வழிவழியாக வரும் பழக்கம். உள்ளே செல்லாத மருந்தாதலால் அதில் அச்சமும் குறைவு.

பூ நின்ற மண்

கடையில் வாங்கும் பூவை எங்கே பறித்தார்கள் என்பது கடைக்காரருக்கே தெரியாது. நம் மாவட்டங்களில் இது சிறிய கேள்வியன்று. 1996 ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் அளித்த தீர்ப்பு, தோல் தொழிற்சாலைகள் நிறைந்த இப்பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பயிருக்கு உதவாததாக ஆகிவிட்டதை எடுத்துக்காட்டிற்று. மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்னும் கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது அந்தத் தீர்ப்பினால்தான். ராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட குரோமேட் ஆலை விட்டுச்சென்ற கழிவுக்குவியல் நிலத்தடி நீரை நஞ்சாக்கிய வரலாறு தனி. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நிலைமை ஓரளவு சீர்பட்டது. ஆயினும் பாலாற்றின் துயரம் தீரவில்லை என்பதற்கு, 2025 ஜனவரி 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மீண்டும் இதே பகுதிக்காகத் தீர்ப்பு வழங்கி, பாதிக்கப்பட்டோருக்கு இழப்பீடும் ஆற்றைக் கண்காணிக்கக் குழுவும் வேண்டும் என்று ஆணையிட்டதே சான்று.

ஆவாரையின் பெருமையே இங்கே ஆபத்தாகிறது. அது உவர்மண்ணைப் பொறுத்துக்கொள்ளும். கழிவுநீர் பாய்ந்து நெல்லும் தென்னையும் மடிந்த இடத்திலும் அது பச்சைப்பசேல் என்று நின்று பூக்கும். செடி செழிப்பாக நிற்பதால் மண் தூய்மையானது என்று கொள்ள முடியாது. எனவே கழிவுநீர்க் கால்வாய்க் கரை, ஷாப்புகளின் பின்புறம், பழைய கழிவு கொட்டிய இடம், லாரிப் புகையும் புழுதியும் படியும் நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் பூப்பறிக்க வேண்டாம். வாணியம்பாடிக்கும் ஆம்பூருக்கும் அருகிலேயே ஏலகிரி, ஜவ்வாது மலைகளின் அடிவாரங்கள் உள்ளன. அங்கே வளர்வது இக்குறையற்றது. அதனினும் நல்லது, தன் வீட்டு மண்ணில் தானே வளர்த்த செடி. வீட்டு நிலமே கழிவுநீர் பாய்ந்த பழைய வயலாக இருந்தால், வேறிடத்துச் செம்மண் கொண்டுவந்து தொட்டியில் வளர்க்கலாம்.

நட்டு வளர்க்கும் முறை

ஆவாரைக்கு வெயில் வேண்டும். நீர் தேங்காத மண் வேண்டும். செம்மண்ணோ சரளையோ எதுவாயினும் போதும். எங்கள் மதரஸா வளாகத்தில் ஹவுளில் உளூச் செய்த நீர் வழிந்தோடும் ஓடைக்கரையில் தாமே முளைத்த இரண்டு செடிகள் ஒரே மழைக்காலத்தில் வேரழுகி மடிந்தன. மதிலோரச் சரளைக்குவியலில் முளைத்தவையோ ஆள் உயரம் வளர்ந்து பூத்துக் குலுங்குகின்றன. இதைக் கண்ணாரக் கண்ட மாணவர்களுக்கு வேறு பாடம் தேவைப்படவில்லை.

விதை வாங்க வேண்டியதில்லை. பனிக்காலம் கழிந்து வெயில் ஏறும் மாதங்களில் காய்கள் பழுத்துக் காய்ந்து, அசைத்தால் கலகலக்கும். நல்ல மண்ணில் நிற்கும் செடியிலிருந்து பறித்து உதிர்த்தால் ஒரு காயில் பன்னிரண்டு முதல் இருபது விதைகள் வரை கிடைக்கும். வண்டு துளைத்தவற்றையும் நீரில் மிதப்பவற்றையும் தள்ளிவிட வேண்டும். விதையின் தோல் மிகக் கடினமானது. அப்படியே ஊன்றினால் சில முளைக்கும், பல மாதக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கிச் சற்றுப் பொறுத்து விதைமேல் ஊற்றி, இரவு முழுவதும் ஆறவிட்டால் காலையில் பெரும்பாலானவை உப்பியிருக்கும். உப்பாதவற்றை ஓரத்தில் மட்டும் உப்புத்தாளில் இலேசாகத் தேய்த்து மறுபடி ஊறவைக்கலாம். முளைக்கண் உள்ள பக்கத்தைத் தேய்த்துவிடக் கூடாது.

ஆடியில் விதைப்பது நம் பகுதிக்கு ஏற்றது. ஆடி, ஆவணி மழையில் நாற்றாகி, ஐப்பசி மழையில் வேரூன்றிவிடும். இரண்டு பங்கு செம்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய எரு கலந்து பைகளில் நிரப்பி, விரல்நுனி அளவு ஆழத்தில் பைக்கு இரண்டு விதை ஊன்ற வேண்டும். ஒன்றிரண்டு வாரங்களில் முளை காணும். இரண்டும் முளைத்தால் வலியதை விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். இதன் ஆணிவேர் விரைந்து இறங்கும். பையின் அடியில் முட்டிச் சுருண்டுவிட்டால் செடி பிற்காலத்தில் தேறாது. ஆதலால் இரண்டு, மூன்று மாதத்திற்குள் மண்கட்டி உடையாமல் நட்டுவிட வேண்டும். நிலத்திலேயே நேராக விதைப்பது இதனினும் மேல்.

ஒன்றரை அடி ஆழக் குழியில் ஒரு கூடை மக்கிய எருவைக் கலந்து நட்டால் போதும். பிறகு உரம் வேண்டுவதில்லை. மிகுந்த உரம் இலையைப் பெருக்கிப் பூவைக் குறைக்கும். அவரைக் குடும்பத்துச் செடியாதலால் வேர்முடிச்சுகளால் மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் என்று சிலர் எழுதுகின்றனர். அது சரியன்று, இதன் வேரில் அம்முடிச்சுகள் உண்டாவதில்லை. ஆனால் தழையை வெட்டி நெல்வயலில் மிதித்தால் நல்ல பசுந்தாள் உரமாகும். உவர்ப்பேறிய வயல்களைத் திருத்த நம் முன்னோர் அவ்வாறே செய்தனர். பூவுக்காக நடுவோர் ஐந்தடி இடைவெளியும் வேலிக்காக நடுவோர் மூன்றடி இடைவெளியும் விடலாம். ஆடு மாடுகள் பெரும்பாலும் இதில் வாய்வைப்பதில்லை என்பதால் காவல் வேண்டியதில்லை. மாடி வீட்டார், அடியில் துளையிட்ட ஒன்றரை அடி அகலத் தொட்டியில் வளர்க்கலாம். மண் முழுவதும் காய்ந்த பிறகே நீர் ஊற்ற வேண்டும். தரையில் நட்டதற்கு முதலாண்டுக் கோடையில் வாரம் ஒருமுறை நீர். அதன்பின் மழையே போதும். ஆழ்குழாய் நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் ரோஜாவும் மல்லிகையும் இலை கருகி நிற்கும்போது, ஆவாரை தாக்குப்பிடிக்கும்.

இலைகளில் பச்சைப் புழுக்களைக் கண்டு சிலர் மருந்தடிக்கின்றனர். அவை வெளிர்மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள். சில நாள் தின்றுவிட்டுப் போய்விடும். செடி மீண்டும் தழைக்கும். உண்ணும் பூவில் பூச்சிக்கொல்லி படலாமா? மேலும், பூச்சிகளை விரட்டினால் காயும் விதையும் இல்லை. ஆவாரம்பூவில் தேன் கிடையாது. அதன் மகரந்தப்பைகள் நுனித் துளை வழியாக மட்டுமே தூளைச் சிந்தும். மரத்தைத் துளைக்கும் கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்யும்போது அத்தூள் கொட்டுகிறது. காலை வேளையில் செடியருகே நின்றால் அந்த ரீங்காரத்தைக் கேட்கலாம். பிள்ளைகளுக்குக் காட்டத்தக்க காட்சி.

பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில் பூக்கத் தொடங்கும். பனி உலர்ந்தபின், விரிந்த பூக்களை மட்டும் கொத்தில் பாதியளவு பறித்து, மொட்டுகளையும் எஞ்சிய பூக்களையும் காய்க்க விட்டுவிட வேண்டும். வெயிலில் காயவைத்தால் மஞ்சள் வெளிறும். நிழலில் வெள்ளைத் துணிமேல் பரப்பி, மூன்று நான்கு நாட்களில் கையில் நொறுங்கும் பதம் வந்ததும் கண்ணாடிப் புட்டியில் அடைக்கலாம். பூஞ்சணம் பிடித்ததைக் கொட்டிவிட வேண்டும்.

காய்ப்பு முடிந்ததும் கவாத்து. முழுச்செடியையும் ஒருசேர மொட்டையடிக்காமல், மூன்றில் ஒரு பங்குத் தண்டுகளை முழங்கால் உயரத்தில் வெட்டினால் அடுத்த மழையில் புதுத்தளிர் கிளைத்து, அத்தளிர்களின் நுனியிலேயே பூங்கொத்து வரும். ஆண்டுக்கொரு பங்காக வெட்டிவந்தால் மூன்றாண்டில் செடி முழுவதும் புதிதாகிவிடும். வேரைத் தோண்டுவதும் அடிமரத்தைச் சுற்றிப் பட்டை உரிப்பதும் கூடாது. அவ்வாறு செய்த செடி பிழைப்பதில்லை. எங்கள் வளாகத்தில் கவாத்து முடிந்த வாரத்தில் மாணவர்கள் காய்களை உதிர்த்துப் பழைய நோட்டுத்தாளில் பொட்டலமாக மடிக்கின்றனர். ஆடி பிறப்பதற்குள் அவை வீட்டுக்கு வீடு சென்றுவிடும்.